கேமில் சந்தித்த ஊர்ப்பிள்ளை



கொஞ்சம் நீளமான பதிவு. எழுதுவதா விடுவதா என்று இரண்டு மாதமாக யோசித்தேன். சம்பந்தப்பட்ட பிள்ளையிடமும் அவனுடைய உம்மாவிடமும் கேட்டேன். "எழுதுங்க சேர், பேர மட்டும் போடாதீங்க" என்றார்கள். அதனால் பெயர், தெரு, கடை எதுவும் இதில் இருக்காது. யாரென்று கண்டுபிடிக்க முயல வேண்டாம். கண்டுபிடித்தாலும் கொமெண்டில் போட வேண்டாம்.

முதலில் ஒரு ஒப்புதல். நான் பப்ஜி விளையாடுகிறவன்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். ஆம், போன வருடம் பெற்றார் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "பிள்ளைகள்ற கையில போனக் குடுத்துப் பாழாக்காதீங்க" என்று இருபது நிமிடம் பேசிய அதே கணித சேர்தான். அன்று இரவும் விளையாடினேன்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொடங்கியது இது. வட்ஸ்அப்பில் பயிற்சி அனுப்பவென்று ஒரு நல்ல போன் வாங்கினேன். பயிற்சிகளை அனுப்பிவிட்டுப் பார்த்தால் பகல் முழுக்க மிச்சம் கிடக்கும். என் மகன்தான் கேமை ஏற்றித் தந்து, எப்படிச் சுடுவது, எங்கே ஒளிவது என்று காட்டித் தந்தான். பாடசாலை திறந்தது. அவன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். வாப்பா கேமிலேயே தங்கிவிட்டார். இஷா தொழுது, சாப்பிட்டு, கொப்பி திருத்தி முடித்து ஒன்பதரைக்கு ஒரு ஆட்டம். சில நாள் இரண்டு. கேமில் என் பெயர் பாரைக்குட்டி.

தெரியாத தாய்மாருக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நூறு பேர் ஒரு தீவில் இறங்குவார்கள். நாலு பேர் ஓர் அணி. கடைசியில் மிஞ்சுகிற அணிக்கு வெற்றி. ஓர் ஆட்டம் அரை மணித்தியாலம் வரை போகும். இடையில் நிறுத்தி வைக்க முடியாது. "சோறு ஆறுது, வா" என்று நீங்கள் கத்தும்போது பிள்ளை "ரெண்டு நிமிஷம் உம்மா" என்பது பாதி பொய், பாதி உண்மை. அவன் எழும்பினால் மற்ற மூன்று பேரும் மாட்டிக் கொள்வார்கள்.

இன்னொன்று. சூடு பட்டவுடன் ஆள் முடிந்துவிடுவதில்லை. கொஞ்ச நேரம் தவழ்ந்து திரியலாம். அதற்குள் அணியில் ஒருவர் பக்கத்தில் வந்து சில விநாடிகள் குந்தியிருந்தால் தூக்கிவிடலாம். ஒருவரும் வராவிட்டால் முடிந்தது. அணிக்கு ஆள் போதாவிட்டால் கேமே முன்பின் தெரியாத யாரையாவது சேர்த்துவிடும். மைக்கைப் போட்டால் நாலு பேரும் கதைக்கலாம்.

அந்தக் கதையில்தான் எல்லாம் இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ பாஷை கேட்கும். திடீரென்று ஒருவன் "மச்சான், இஞ்சால வாங்க" என்பான். அவ்வளவுதான், துப்பாக்கியெல்லாம் ஒரு பக்கம் கிடக்கும். எந்த ஊர்? எந்தப் பள்ளி? ஆர்ர மகன்? நம்மட ஆக்கள் மூன்றாவது கேள்வியில் சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். நாலாவது கேள்வி "எந்தக் குடி?" என்று வரும். இப்படி அக்குறணைப் பிள்ளை ஒருவரைச் சந்தித்தேன், புத்தளத்தில் ஒருவரை, பொத்துவிலில் ஓட்டோ ஓடுகிற ஒருவரை. தொடர்ந்து ஒட்டிக்கொண்டவர் தோஹாவில் வேலை செய்கிற ஒருவர். நமது ஊர்தான். இங்கே ஒன்பதரை என்றால் அங்கே ஏழு மணி. வேலை முடிந்து ரூமுக்கு வந்து, பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு ஏறுவார்.

அவரும் முதல் நாளே கேட்டார்.

"பாரைக்குட்டி காக்கா, நீங்க எந்த ஊரு?"

"கல்முனைப் பக்கம்" என்றேன்.

"என்ன செய்றீங்க?"

"சும்மா... சின்ன வியாபாரம்."

பெற்றார் கூட்டத்தில் பேசிய ஆள் வேறென்ன சொல்வது?

இப்படியே ஏழெட்டு மாதம். போன வருடக் கடைசியில் ஓர் இரவு, நானும் தோஹாக்காரரும் கேம் சேர்த்துவிட்ட இரண்டு பேரும். அதில் ஒருவன் பிள்ளைக் குரல். ஆனால் அணியை நடத்தியது அவன்தான். "இப்ப வெளிக்கிட வேணாம். சுவரோட நில்லுங்க. காக்கா, நீங்க மேல ஏறுங்க." நாங்கள் சொன்னபடி செய்தோம். நல்ல தெளிவான பிள்ளை, கணக்கும் நன்றாகச் செய்வான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் நடுவில் நிற்கும்போது வெளியே பள்ளிவாசல் ஸ்பீக்கர் கரகரத்தது. ஜனாஸா அறிவித்தல். நமது மோதினாரின் குரலைத் தெரியாதவர் ஊரில் இல்லை. ஜன்னலால் அந்தக் குரல் வந்தது. அரை விநாடி கழித்து அதே குரல் என் போனுக்குள்ளிருந்தும் வந்தது.

அந்தப் பிள்ளையின் மைக்.

நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். மௌத்தானவர் ஒரு வயதான தாய். இன்னாரின் மனைவி, இன்னாரின் உம்மா, நாளை காலை எட்டு மணிக்கு நல்லடக்கம். தோஹாக்காரர் இன்னாலில்லாஹ் சொன்னார். பிறகு அவருடைய குரல் மாறிப்போனது.

"தம்பி, இது நம்மட பள்ளி ஸ்பீக்கர்டா! மூணு வருசம் இந்தச் சத்தத்தக் கேட்டு... நீ நம்மட ஊராடா?"

"ஓம் காக்கா."

ஒரு மனிதர் பாலைவனத்தில் ஒரு ரூமுக்குள் இருந்து ஊர்ப் பள்ளியின் கரகர சத்தத்துக்கு அழுகிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் மைக்கை மூடினேன். என் வீட்டு ஜன்னலாலும் அதே அறிவித்தல் வருகிறதே, கேட்டுவிடுமே என்ற பயம். அந்தத் தாயின் மகனோடு படித்தவன் நான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. விரல் முதலில் போனது மைக்கை மூடத்தான்.

அடுத்த நாள் ஜனாஸாவில் நின்றபோது முன்னால் நின்ற பிள்ளைகளின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதில் எவன் அவன்? தொழுகையில் இருக்க வேண்டிய மனம் இருந்த இடம் அது.

அன்றிலிருந்து மூன்று பேரும் ஓர் அணி. தோஹாக்காரர் அவனைத் தம்பியாகவே எடுத்துக்கொண்டார். தினமும் கேட்பார், சாப்பிட்டாயா, தொழுதாயா, ஊரில் மழையா. நான் தேவைக்கு மட்டும் மைக்கைத் திறந்து இரண்டு சொல் சொல்லி மூடுவேன். பள்ளியில் பாங்கு சொன்னால் மூடுவேன். பக்கத்து வீட்டில் யாராவது கூப்பிட்டால் மூடுவேன். மூன்று கிழமை இப்படிப் போனது.

ஒருநாள் ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும்போது தோஹாக்காரர் கேட்டார்.

"தம்பி, நீ படிக்கிறல்லயா? பகல்லயும் ஒன்லைன்ல காட்டுதே."

"இல்ல காக்கா. ஹாட்வெயார் கடையில நிக்கிறன். பகல் சாப்பாட்டு நேரத்தில ஒருக்கா ஏறுவன்."

"ஏன்டா?"

"வாப்பாட ஓட்டோவ லீசிங்காரன் எடுத்திட்டான். வாப்பாக்கும் சுகமில்ல. கொஞ்ச நாளைக்கெண்டுதான் போன. அப்படியே நிண்டுட்டன். சீமெந்து மூட்டை இறக்குற."

சீமெந்து மூட்டை ஐம்பது கிலோ. அவனுக்கு அப்போது பதினைந்து வயது.

"பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் தேடல்லயா?"

"இல்ல காக்கா." கொஞ்சம் நிறுத்திச் சிரித்தான். "ஒருக்கா எங்கட வகுப்பு சேர் கடைக்கு வந்தார். தண்ணி டெப் ஒண்டு வாங்க. நான்தான் எடுத்துக் குடுத்த. 'என்ன மகன், லீவா?' எண்டு கேட்டார். ஓம் எண்டன். காசக் குடுத்திட்டுப் போயிட்டார்."

அந்த டெப் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பூட்டியிருக்கிறது.

இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. குரலைக் கேட்டு மூன்று கிழமையாக அறியாத பிள்ளையை அந்த ஒரு வசனத்தில் அறிந்தேன். தரம் 10. கடைசிக்கு முந்திய வாங்கு, சுவர்ப் பக்கம். கேள்வி கேட்டால் எழும்பி நின்று ஒன்றும் பேசாமல் நிற்கிற பிள்ளை. நாலு பேரைக் கொண்டு நூறு பேருக்கு நடுவில் வழி கண்டுபிடிக்கிற பிள்ளை, என் வகுப்பில் வாய் திறந்ததே இல்லை. நான் திறக்க வைத்ததும் இல்லை.

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். என்னை ஏசியிருந்தால், "அந்த சேர் அப்படி அடிச்சார், இப்படி ஏசினார்" என்று சொல்லியிருந்தால் நான் ஏதாவது நியாயம் தேடியிருப்பேன். அவன் ஒரு குறையும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். அவ்வளவுதான்.

காலையில் வரவு இடாப்பை எடுத்துப் பார்த்தேன். அவனுடைய பெயருக்கு நேரே 34 நாட்கள் வரவில்லை. அத்தனையும் என் கையெழுத்து. ஒவ்வொரு காலையும் பெயரைக் கூப்பிட்டு, பதில் வராமல், அடுத்த பெயருக்குப் போயிருக்கிறேன். நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று சட்டம் இருக்கிறது. பயிற்சிப் பட்டறைகளில் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், குறிப்பும் எடுத்திருக்கிறேன். கேமில் யாராவது விழுந்தால் சுடு வரும் பக்கமே ஓடிப்போய்த் தூக்குகிறவன், இடாப்பில் 34 நாள் விழுந்து கிடந்த பிள்ளையைத் தாண்டி நடந்திருக்கிறேன்.

அன்று இரவு கேமைத் திறக்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் சொன்னார்: "நாளைக்கு அவன்ட வீட்ட போங்க. ஆனா போறதுக்கு முதல்ல அவனுக்கு நீங்க ஆரெண்டு செல்லிட்டுப் போங்க. ஒளிஞ்சிருந்து கேட்டதக் கொண்டுபோய் உம்மா வாப்பாக்கிட்ட வெச்சா அது கோள்."

நான் அதுவரை என்னை நல்லவனாகவே நினைத்திருந்தேன். பிள்ளையின் கஷ்டத்தை அறிந்துகொண்டேன், உதவப் போகிறேன் என்று. மனைவி சொன்ன பிறகுதான் மறுபக்கம் தெரிந்தது. மற்றவர்களின் அந்தரங்கத்தைத் துருவிப் பார்க்கக் கூடாது என்று ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். நாற்பது வயது தாண்டிய ஆள் ஒருவர், ஊரையும் தொழிலையும் பொய்யாகச் சொல்லிவிட்டு, பதினைந்து வயதுப் பிள்ளையின் வீட்டுக் கதையை மூன்று கிழமை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த இடத்தில் நான் இல்லாமல் கெட்ட நோக்கமுள்ள ஒருவன் இருந்திருந்தால்? அவனுக்கும் அந்தப் பிள்ளை இதே போலத்தான் சொல்லியிருப்பான். சாப்பிட்டாயா என்று கேட்கிற யாருக்கும் சொல்லியிருப்பான். வேறு யாரும் கேட்கவில்லையே.

அடுத்த இரவு மூன்று பேரும் ஏறினோம். ஆட்டம் தொடங்குவதற்கு முதல் மைக்கைத் திறந்தேன்.

"மகன், ஒரு விசயம் செல்லணும். நான் கல்முனை இல்ல. நான் உங்கட வகுப்பு சேர். டெப் வாங்க வந்த சேர்."

சத்தமே இல்லை. பிறகு அவனுடைய உருவம் திரையிலிருந்து மறைந்தது. அணியை விட்டுப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் நண்பர் பட்டியலிலிருந்தும் என்னை எடுத்துவிட்டான்.

தோஹாக்காரர் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "சேர், நீங்க எனக்கும் படிப்பிச்சிருக்கீங்க. 2011 பெச்." நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "கோவம் இல்ல சேர். ஆனா அவன் சின்னப் பிள்ள. அவனுக்கு வேற ஆக்கள் இல்ல."

மறுநாள் அஸருக்குப் பிறகு அவனுடைய வீட்டுக்குப் போனேன். வாப்பா எழும்பி உட்காரவே கஷ்டப்பட்டார். உம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அவன் அறைக்குள்ளேயே இருந்தான், வெளியே வரவில்லை. நான் அவர்களுக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பிந்தி வந்ததற்கு மாப்புக் கேட்டேன். அறைக் கதவுக்குக் கேட்கும்படியாகத்தான் கேட்டேன். உம்மா சொன்னார்: "படிப்பு வேணாமெண்டு நாங்க செல்லல்ல சேர். அவன் கொண்டாற காசிலதான் அடுப்பு எரியிது. அதுக்கு என்ன பதில் செல்ற?"

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் "பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புங்கள்" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. அதிபரிடம் பேசினேன். பள்ளி நிர்வாகத்தில் ஸகாத் பொறுப்பாக இருக்கும் ஹாஜியாரிடம் பேசினேன், பெயரை வெளியே விடாமல் வாப்பாவின் மருந்துச் செலவை எடுத்துக்கொண்டார்கள். கடை முதலாளியிடம் பேசினேன். அவர் நல்ல மனிதர். சனி, ஞாயிறு மட்டும், கணக்குக் கொப்பி எழுத வரட்டும், மூட்டை தூக்க வேண்டாம் என்றார். குறைகிற காசை மாதம் மாதம் ஒருவர் அனுப்புகிறார். அவர் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தை அவர் இன்னும் கண்டதில்லை.

மூன்றாவது கிழமை திங்கட்கிழமை அவன் வகுப்புக்கு வந்தான். அதே வாங்கு. பெயர் கூப்பிட்டேன். "சேர்" என்றான். என்னைப் பார்க்கவில்லை. பாடம் முடியும்வரை பார்க்கவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். விட்ட பாடங்கள் நிறைய. சில நாட்கள் இன்னும் வருவதில்லை. ஆனால் வராத அன்று மாலை நான் அந்த வீட்டுக்குப் போகிறேன், அல்லது போன் எடுக்கிறேன். மற்ற பிள்ளைகளுக்கும் அப்படித்தான், மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்குப் போவது என்று எங்கள் பாடசாலையில் சில ஆசிரியர்கள் சேர்ந்து வைத்துக்கொண்டிருக்கிறோம். இதற்குச் சுற்றறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளும் அரை மணித்தியாலமும் போதும்.

பெற்றாருக்கு ஒரு வேண்டுகோள். பெற்றார் கூட்டத்தில் நான் பேசியதை வாபஸ் வாங்குகிறேன். போனைப் பறிப்பதற்கு முதல் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருநாள் உட்காருங்கள். "ஆரோட விளையாடுற? அவர் எந்த ஊரு? ஆர்ர மகன்?" என்று கேளுங்கள். தெருவில் ஒரு புது ஆளைக் கண்டால் நாம் கேட்கிற அதே மூன்று கேள்விகள்தான். இரவு பன்னிரண்டு மணிக்கு யாரோ உங்கள் பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள் என்றால், முதலில் அதை நாம் கேட்டோமா என்று பாருங்கள்.

என்னைப் போல ஒளிந்து விளையாடுகிற பெரியவர்களுக்கும் ஒன்று. அங்கே எங்களுக்குப் பக்கத்தில் நிற்பது நம் ஊர்ப் பிள்ளைகள். நாங்கள் தூஷணம் பேசினால் கேட்கிறவர்களும் அவர்கள்தான். பெயரை மாற்றிக்கொண்டதால் அமானிதம் மாறிவிடாது.

போன வெள்ளி ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து ஒருவன் நின்றான். கீழே பார்த்தபடியே சொன்னான்:

"சேர், உங்கட ஏய்ம் சரியில்ல. சென்சிட்டிவிட்டிய கொஞ்சம் குறைச்சுப் பாருங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று இரவே குறைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. பிறகு அவனுக்கு நண்பர் கோரிக்கை ஒன்று அனுப்பினேன், இந்த முறை சொந்தப் பெயரில்.

இன்னும் ஏற்கவில்லை. அது அவனுடைய உரிமை.

அந்தக் குடும்பத்துக்காகவும் தூர நாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள்.